வசந்தாவின் காலில் இல்லாத பள்ளம்

அபிநயா போன் செய்தாள். எங்கள் செயற்கைக் கால் பட்டறையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

"சரோஜாக்கா, அந்தக் கலர்க்கோடு மெஷினை எடுத்துட்டு, கையில பிடிக்கிற சின்ன ஸ்கேனர் வாங்கப் போறாங்க. ஆண்டு மலருக்கு நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க. மாவுக்கட்டு காலம், அந்தக் காலத்து உழைப்பு, அப்படிக் கொஞ்சம் உருக்கமா..."

எனக்கு உருக்கமாக எழுத வராது. மாவுக்கட்டைப் பற்றி உருகுகிறவர்கள் யாரும் மாவுக்கட்டு போட்டவர்கள் இல்லை. நான் போட்டிருக்கிறேன். அது ஒரு சனியன். கால் அளவு எடுக்க ஈரத் துணியை மாவோடு காலில் சுற்றி, அது இறுகும்வரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பாதியில் நோயாளிக்குத் தும்மல் வரும். அவ்வளவுதான், அளவு போச்சு. கழற்றும்போது காலில் இருக்கும் முடியும் சேர்ந்து வரும். முடியோடு என் அம்மாவைப் பற்றிய நாலு வார்த்தையும் வரும். வீட்டுக்குப் போனால் என் தலை, புருவம், ஜாக்கெட் எல்லாம் வெள்ளை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் கோலமாவு விற்கிறவள் என்று நினைத்துப் படி என்ன விலை என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னால் நான் கால்வாயில் குதித்துவிடுவேன்.

ஆகவே நான் எழுதப்போவது மெஷினைப் பற்றி. மெஷினையும் புகழப்போவதில்லை. அது என்னைப் படுத்திய பாட்டை எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். பிறகு தஞ்சாவூருக்கு வந்து, ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். அந்தக் கொட்டகை கட்டிடமானது, நான் சின்னப் பெண் என்பது போய் அக்கா ஆனேன். நடுவில் வேறொன்றும் நடக்கவில்லை. மெஷின் வந்ததிலிருந்துதான் வாழ்க்கையில் கொஞ்சம் சண்டை, கொஞ்சம் சிரிப்பு.

மெஷினைக் கொண்டுவந்தவர் தாமோதரன் சார். எங்கள் தலைமைப் பொறியாளர். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை. உட்கார மாட்டார். அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்பார். அந்த நாற்காலியின் இருக்கை புதுசாகவே இருந்தது, முதுகுதான் தேய்ந்தது. எல்லோருக்கும் 'ங்க' போடுவார். காபி கொண்டுவரும் பையனுக்கு, வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு, எல்லோருக்கும். "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று அவர் நாயிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நாயும் தள்ளிப் படுத்தது.

குரலை உயர்த்த மாட்டார். வேலை அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "இன்னொரு தடவை பாப்போமாங்க?" கேட்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அது கேள்வி இல்லை. முடியாது என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் நானே வேலையை மறுபடி தொடங்கியிருப்பேன். ஒரு தடவை திட்டித் தொலைத்திருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அந்த மனிதர் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

இனி மெஷின். சுவரில் நேர்க்கோடுகளாக வெளிச்சம் அடித்தால் நேராகத் தெரியும். அதே கோடுகளை ஒரு காலின் மேல் அடித்தால், கால் மேடான இடத்தில் ஒரு பக்கம் வளையும், பள்ளமான இடத்தில் மறுபக்கம் வளையும். பக்கவாட்டில் ஒரு கேமரா நின்று பார்க்கிறது. எந்தக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தின் உயரத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். அவ்வளவுதான் விஷயம். இதில் ஒரு சிக்கல். எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் எது எந்தக் கோடு என்று கேமராவுக்குத் தெரியாது. ஒரே யூனிஃபார்மில் ஓடும் பிள்ளைகளில் யார் எந்த வகுப்பு என்று கண்டுபிடிக்கிற மாதிரி. அதற்காகத்தான் நிறம். சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடுகள் ஒரு ஒழுங்கில் மாறி மாறி வரும். பக்கத்துக் கோடுகளின் நிறத்தை வைத்து இது இந்தக் கோடுதான் என்று கேமரா அடையாளம் கண்டுகொள்ளும்.

தினமும் வேலை இப்படித் தொடங்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவிடுக்கிலும் துணி. பிறகு வெள்ளைக் கட்டையை எடுக்க வேண்டும். அது உருட்டு மரத்தைக் கடைந்து, பளபளக்காத வெள்ளைப் பெயின்ட் அடித்து, அளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு கட்டை. காலையில் முதல் ஆள் அதுதான். அதை மெஷினில் பார்த்து, திரையில் அதே அளவு வந்தால்தான் அன்றைக்கு மனிதக் கால். தாமோதரன் சார் அந்தக் கட்டையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். அவருக்குக் குழந்தைகள் மூன்று. அவர்களை அப்படித் தூக்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன் பிறகு நோயாளி. வெட்டியபின் மிஞ்சியிருக்கும் காலை 'ஸ்டம்ப்' என்போம். அதை நீட்டி ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் எடுப்போம். திரையில் ஸ்டம்பின் முழு உருவம் வரும். அதை வைத்து இன்னொரு மெஷின் நுரைக் கட்டையில் அச்சுச் செதுக்கும். அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தினால் கிண்ணம் தயார். ஸ்டம்பை அந்தக் கிண்ணத்துக்குள் நுழைத்துத்தான் ஆள் நடப்பார். கிண்ணம் சரியில்லையென்றால் கீழே தங்கத்தில் பாதம் வைத்தாலும் நடக்க முடியாது.

முதல் வாரம் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். படகு இன்ஜினில் கயிறு சுற்றிக் கால் போனவர். காலைக் கேமராவில் படம் எடுப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். ஆள் தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் அடித்து, ஸ்டம்புக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து மினுமினுவென்று வந்தார். இருட்டறையில் கோடுகள் காலில் விழுந்ததும், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எதுக்குய்யா சிரிக்கிறே? கேமரா காலைத்தான் பாக்குது."

"இருக்கட்டும் மேடம். ஒருவேளை மூஞ்சியும் விழுந்துச்சுன்னா?"

எண்ணெய்ப் பளபளப்பில் திரையில் பாதிக் கால்தான் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி எடுத்தோம். திரையில் அவருடைய ஸ்டம்ப் மெதுவாகச் சுற்றிக் காட்டியதும் உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கான். எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க, பொண்டாட்டிகிட்ட காட்டணும்" என்றார். அன்றைக்குத் தாமோதரன் சார் தன் கையாலேயே ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினார்: 'காலில் எண்ணெய் தடவி வர வேண்டாம்.' இந்தப் போர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை ஏறும் ஆள். வெயிலில் காய்ந்து அட்டக்கரி. மெஷின் அவர் காலில் நீலக் கோட்டைப் பார்க்கவே மாட்டேன் என்றது. கறுத்த தோல் நீலத்தைக் குடித்துவிடுகிறது. மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். அங்கே ஒருவன் நோயாளியின் தோல்தான் பிரச்சினை என்றான். எனக்கு வந்த கோபத்துக்குப் போனுக்குள் கையை விட்டு அவன் காதைப் பிடித்திருப்பேன். தஞ்சாவூர் ஜில்லாவில் மெஷினை விற்க வந்தவன் இங்கே யார் இருப்பார்கள் என்று நினைத்தான்? தாமோதரன் சார் போனை வாங்கி மெதுவாகச் சொன்னார்: "தோலை மாத்துறது கஷ்டம்ங்க. நீங்க கேமராவை மாத்தித் தாங்களேன்." ஒரு வாரத்தில் கேமராவுக்குள் வெளிச்சம் கூடுதலாகப் போகும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எந்தக் கறுப்பும் எங்களுக்குத் தடையில்லை.

மெஷினின் எல்லாக் குறும்பும் தெரிந்துவிட்டது என்று நாங்கள் தெம்பாக இருந்தபோதுதான் வசந்தா வந்தாள்.

பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். நடவு செட்டுக்குத் தலைவி. ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போகும் கூட்டத்தைத்தான் செட்டு என்பார்கள். எந்த வயல் முதலில், எந்த வயல் பிறகு, யார் எந்த வரிசை என்று எல்லாம் தலைவிதான் சொல்வாள். வைக்கோல் ஏற்றிய லாரி இடித்து வசந்தாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காயம் ஆறி, கக்கத்தில் இரண்டு கட்டை வைத்து ஊன்றிக்கொண்டு வந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார் மல்லிகா. அண்ணிக்குப் பை தூக்கிக்கொண்டு வந்தவள்.

"அழகான காலு எனக்கு வேணாம்" என்றாள் வசந்தா, உட்கார்ந்த உடனே. "எங்கூர் வரப்புல நிக்கிற மாதிரி காலு வேணும். இந்தக் கட்டையை ஊனுனா சேத்துல முழம் போகுது. ஒண்ணைப் பிடுங்குறதுக்குள்ள இன்னொண்ணு போவுது. நான் நடவு பாப்பேனா, கட்டை பிடுங்குவேனா?"

"நீங்க வயல்ல இறங்கணுமாங்க?" என்றார் சார்.

"எறங்க வேணாம் சார். வரப்புல நின்னு கத்துனா போதும். நான் நிக்கலைன்னா இவ நிப்பா." மல்லிகாவைக் காட்டினாள். "போன பட்டத்துல ஆஸ்பத்திரியில கெடந்தேன். இவதான் நின்னா. பண்ணைக்காரங்க இப்பவே இவகிட்டத்தான் பேசுறாங்க. சம்பா நடவுக்குள்ள நான் எந்திரிச்சு நிக்கலைன்னா, அப்புறம் நின்னும் புண்ணியமில்ல."

"நான் என்ன அண்ணி கேட்டா நின்னேன்? நீங்கதானே நிக்கச் சொன்னீங்க."

"நிக்கத்தான்டி சொன்னேன். கையை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கச் சொன்னேனா?"

மல்லிகா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு இருவரையும் பிடித்துப்போயிற்று.

காலை மெஷினில் படம் எடுத்தோம். தையல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், முன் எலும்பை ஒட்டிச் சின்னதாக ஒரு பள்ளம் திரையில் தெரிந்தது. தையல் பக்கத்தில் சதை அமுங்கியிருக்கும் என்று நினைத்தோம். கிண்ணம் செய்தோம். போட்டுப் பார்த்தால், சரியாக அந்த இடத்தில் குத்துகிறது என்றாள். கழற்றினால் சிவந்திருந்தது. பள்ளத்துக்கு ஏற்றபடி கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு மேடு இருக்கிறதல்லவா, அது பள்ளத்தில் உட்காராமல் சதையைக் குத்தியிருக்கிறது.

"வீக்கம் ஏறி இறங்குறப்போ இப்படி ஆகுறதுண்டுங்க" என்றார் சார். "இன்னொரு தடவை பாப்போமாங்க?"

அடுத்த வாரம் வந்தார்கள். மறுபடி எடுத்தோம். அதே இடத்தில் பள்ளம். இந்தத் தடவை பெரிசாக, ஆழமாக. நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். எனக்குப் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் சதைதானே, உட்கார்ந்தால் ஒரு மாதிரி, நீட்டினால் ஒரு மாதிரி. இத்தனை நாள் சரியாகச் சொன்ன மெஷினை நம்புவதா, என் விரலை நம்புவதா? இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெஷினையே நம்பினோம்.

இரண்டாவது கிண்ணத்தைப் போட்டு வசந்தா எழுந்தாள். ஒரே ஒரு அடி. அவள் போட்ட சத்தத்தில் வாசல் நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

"யம்மாடி! இது காலா, மீன் முள்ளா? முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு குத்துது!"

கழற்றினால் தோல் உரிந்துவிடும் போலிருந்தது. நான் உட்கார்ந்து அந்த இடத்தைக் கையால் நீவிவிட்டேன். மல்லிகா பக்கத்தில் நின்று கண் கலங்கினாள். போட்டி ஒரு பக்கம் இருந்தாலும் அவளுக்கு அண்ணி மேல் உசிர்.

தாமோதரன் சார் நாற்காலி முதுகைப் பிடித்தபடி சிவந்த இடத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணு தோணுதுங்க. உள்ள எலும்பு ஏதாவது கரையுதோ என்னமோ. சர்ஜன் ஒரு தடவை பாத்துடட்டும். அதுவரைக்கும் நாம எதுவும் பண்ண வேண்டாம்."

சர்ஜன் என்றால் எக்ஸ்ரே, அட்மிஷன், காத்திருப்பு. சமயத்தில் திரும்பவும் கத்தி. வசந்தா கீழே கிடந்த கட்டைகளை எடுத்தாள்.

"தண்ணி தொறந்தாச்சு சார்" என்றாள். "நாத்து வளந்து நிக்குது. அது எனக்காவக் காத்திருக்காது." கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள். நான் மேசையில் கிடந்த வெள்ளைக் கட்டையை எடுத்துச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனேன். வீட்டில் அகப்பட்டவர் மேல் கோபப்பட்டேன். பாவம், என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை வழக்கம்போல வெள்ளைக் கட்டையை மெஷினில் பார்த்தோம். திரையில் கட்டையின் வயிற்றில் ஒரு பள்ளம்.

சார் நாற்காலியை விட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து கட்டை கீழ விழுந்துச்சாங்களா?"

"இல்லை."

"லேசா? மேசை விளிம்புல?"

"சார், இத்தனை வருஷத்துல நான் எதையாவது கீழ போட்டிருக்கேனா? காபி டம்ளரைக்கூடப் போட்டதில்லை. போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன பயம்? உங்க கட்டையை நீங்களே சீராட்டுங்க, எனக்கு வேண்டாம்!"

நான் இன்னும் நிறையச் சொன்னேன், அச்சில் போட முடியாது. சார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே கட்டையை எடுத்தார். விளக்கைப் போட்டார். விரலால் தடவினார். காலிப்பர் வைத்துச் சுற்றிலும் அளந்தார். அளவில் ஒரு மயிரிழை மாற்றமில்லை.

"கட்டையில பள்ளம் இல்லைங்க" என்றார்.

"அதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்துறேன்!"

"இல்லைங்க. திரையில இருக்கு. கட்டையில இல்லை." திரையைக் காட்டினார். "நேத்து அந்தம்மா கால்லயும் அப்படித்தானேங்க?"

இரண்டு பேரும் கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். திரையில் பள்ளம் இருந்த இடத்தில், வெள்ளைப் பெயின்ட் மேல் வெளிர் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் தடம். என்னுடையது. நேற்று வசந்தாவின் காலை நீவிவிட்டு அதே கையால் கட்டையை எடுத்திருக்கிறேன்.

சார் அதை முகர்ந்து பார்த்தார். "மஞ்சள்ங்க" என்றார்.

விளக்கை அணைத்து மறுபடி கோடுகளை அடித்தோம். இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை, கட்டையையே பார்த்தோம். வெள்ளையில் நீலமாக ஓடிவந்த கோடு, மஞ்சள் தடத்துக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது. தடத்தைத் தாண்டியதும் மறுபடி நீலம். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைப் பார்த்த கேமரா, அதை வேறு கோடு என்று நினைத்துவிட்டது. கணக்குத் தப்பி, இல்லாத பள்ளத்தைத் தோண்டிவிட்டது.

வசந்தாவின் ஸ்டம்ப் முழுக்க மஞ்சள்தான். அதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். பார்த்தும் என் கண்ணில் படவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணின் கால் மஞ்சளாக இருந்தால் அதை யார் கவனிப்பார்கள்? இலை பச்சையாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? நானே அன்று காலை முகத்தில் மஞ்சள் பூசித்தான் வேலைக்கு வந்திருந்தேன். டெல்லியிலிருந்து ஒருத்தி வந்திருந்தால் வாசலிலேயே, இது ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டிருப்பாள்.

இதில் இன்னொரு கூத்து இருந்தது, சார்தான் கண்டுபிடித்தார். முதலில் தையல் அரித்த இடத்தில் அவள் கொஞ்சம் அழுத்திப் பூசியிருக்கிறாள். அங்கே பள்ளம் தெரிந்தது, கிண்ணம் அங்கே குத்தியது. குத்தின இடம் ஆறட்டும் என்று அங்கேயே இன்னும் கெட்டியாகப் பூசியிருக்கிறாள். பள்ளம் பெரிசாயிற்று. கிண்ணம் இன்னும் குத்தியது. நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், அவள் பூசப் பூச நாங்கள் குத்திக்கொண்டே இருந்திருப்போம்.

இதைச் சொல்லி முடித்ததும் தாமோதரன் சார் ஒரு காரியம் செய்தார். நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்தார். நான் பயந்துவிட்டேன், தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

"ஒண்ணுமில்லைங்க. சந்தோஷமா இருக்கு" என்றார்.

அன்று மதியமே ஆள் அனுப்பி வசந்தாவை வரவழைத்தோம். விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"வாசல்ல போர்டு நீங்கதானே வச்சீங்க? எண்ணெய்தானே தடவ வேணாம்னு போட்டிருக்கு? மஞ்சள் வேணாம்னு எங்க போட்டிருக்கு? எண்ணெய் கூடாதுங்கவும், சரி மஞ்சளாவது பூசுவோம்னு பூசுனேன்."

"போர்டு சார் எழுதுனது" என்றேன் உடனே.

"நான் எழுதினதுதாங்க" என்றார் சார்.

வசந்தா சட்டென்று மல்லிகா பக்கம் திரும்பினாள். "அரைச்சுக் குடுத்தது இவ! கொல்லையில பச்சை மஞ்சளா வெட்டி, மைய மைய அரைச்சு, 'பூசுங்க அண்ணி, பூசுங்க அண்ணி'ன்னு... அடி என் ராசாத்தி, வரப்புல நிக்கணும்னா நேரா சொல்லிருக்கலாமேடி!"

"ஆமா, கேமராவுக்கு மஞ்சள் ஆகாதுன்னு நான் இன்ஜினியரிங் படிச்சுட்டுத்தான் அரைச்சேன்! அம்மியில என் கை தேஞ்சது யாருக்குத் தெரியும்?"

சண்டையை நிறுத்தி, ஸ்டம்பில் மஞ்சள் துளிகூட இருக்கக் கூடாது, மெஷினில் படம் எடுக்கும்வரை பூசவும் கூடாது என்றேன். இப்போது மல்லிகா பிடித்துக்கொண்டாள்.

"அது எப்படி? எங்கண்ணன் கல்லு மாதிரி உசிரோட இருக்காரு. அண்ணி மஞ்சள் பூசக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?"

"உங்கண்ணன் நூறு வருஷம் இருக்கட்டும். முகத்துல பூசட்டும், தாலியில பூசட்டும், வலது கால்ல ரெண்டு மடங்கு பூசட்டும். இந்த ஒரு காலை மட்டும் எனக்கு விட்டுத் தொலைங்கடி!"

மல்லிகா யோசித்தாள். வலது காலில் இரண்டு மடங்கு என்பது அவளுக்குச் சரியாகப் பட்டது.

மஞ்சள் சோப்புக்குப் போகாது. எண்ணெய்க்குப் போகும். ஆகவே 'எண்ணெய் தடவி வர வேண்டாம்' என்ற போர்டுக்குக் கீழேயே உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து மஞ்சளை எடுத்தோம். எண்ணெயைக் கடலைமாவு போட்டு எடுத்தோம். மிச்சத்துக்கு வெயில். ஆஸ்பத்திரி முற்றத்தில் பெஞ்சு போட்டு ஸ்டம்பை நீட்டி உட்கார்ந்தாள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்னம்மா, வெயில்ல?"

"கருவாடு காயப் போட்டிருக்கேன். காக்கா வந்தா ஓட்டுங்க" என்றாள் வசந்தா.

இரண்டு மூன்று நாள் அப்படி வந்து காய்ந்தாள். சிவப்பும் அடங்கியது, மஞ்சளும் வெளுத்தது. பிறகு இருட்டறையில் எடுத்தோம். இந்தத் தடவை நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்று காலையே பார்த்தேன். ஒவ்வொரு நீலக் கோடும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீலமாகவே போயிற்று. பள்ளம் இல்லை. நல்ல, முழுசான, உருண்ட கால்.

கிண்ணத்தை மாட்டிக்கொண்டு வசந்தா எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. சுவர்வரை போய்த் திரும்பினாள்.

"குத்துதா?"

"குத்தலை" என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆனா சிமென்ட் தரையில நான் என்னத்துக்கு நிக்கப் போறேன்? வரப்புல பாத்தாத்தான் சொல்லுவேன்" என்றாள்.

அது நியாயம். அடுத்த வாரம் பட்டறை வேனில் நானும் சாரும் அவள் ஊருக்குப் போனோம். தூரத்திலேயே சத்தம் கேட்டது, வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வயல் நிறையத் தண்ணீர், வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில், கட்டை எதுவும் இல்லாமல், இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வசந்தா நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பிளாஸ்டிக் காலில் மஞ்சள் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்திருந்தது. புது டிராக்டருக்கு வைக்கிற மாதிரியே.

நான் சாரைப் பார்த்தேன். "இனிமே அதை ஸ்கேன் பண்ணப் போறதில்லையேங்க. இருக்கட்டும்" என்றார்.

"ஏய் மல்லிகா! நாத்தை நெருக்கி வையிடி! அந்த இடைவெளியில மாட்டு வண்டி போவும்!"

"அண்ணி, அந்தக் காலை வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்திருந்தா நாங்க நிம்மதியா நட்டிருப்போம்!" வயல் முழுக்கச் சிரிப்பு. மல்லிகாவுக்குத் தலைவி பதவி போனதில் வருத்தமா என்று நான் கேட்டதற்கு, "கொல்லையில இன்னும் மஞ்சள் இருக்கே, அடுத்த பட்டத்துல பாத்துக்கலாம்" என்றாள். அதற்கும் சிரிப்பு.

தாமோதரன் சாருக்குத் தூரத்திலிருந்து பார்த்தால் போதாது. நடை எப்படி இருக்கிறது, கிண்ணம் எங்கே அழுத்துகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளை பேன்ட்டோடு, செருப்போடு வரப்பில் ஏறினார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வசந்தாவுக்குப் பக்கத்தில் போனதும் வரப்பு விளிம்பு சரிந்து, மனிதர் இடுப்புவரை சேற்றில் போய் உட்கார்ந்தார். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

யாரும் ஓடி வருவதற்குள் வசந்தா குனிந்து கையை நீட்டினாள். வலது காலைப் பின்னால் தள்ளி, புதுக்காலை வரப்பில் அழுத்தி ஊன்றி, அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. நாற்றுக் கட்டைத் தூக்குகிற மாதிரி ஆளைத் தூக்கி மேலே நிறுத்திவிட்டாள். அவருடைய முழு எடையும் அந்த நிமிஷம் எங்கள் கிண்ணத்தின் மேல்தான். அவள் முகம் சுளிக்கவில்லை.

சார் சேறு சொட்ட நின்றார். தன்னைப் பார்க்கவில்லை, தன் பேன்ட்டைப் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"இன்னொரு தடவை பாப்போமாங்க?" என்றார்.

"எதை சார்?" என்றாள் வசந்தா. "நீங்க விழுறதையா?"